கறுப்பு ராஸ்பெர்ரி நாற்று: பள்ளத்தூர்த் தோட்டத்தில் மூன்று ஆண்டு அனுபவம்

கறுப்பு ராஸ்பெர்ரி என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பழங்கள் கடந்த மூன்று ஆண்டுகளில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. முதலாவது, இணையத்தில் பணம் கட்டி வரவழைத்த நாற்றில் காய்த்தது. இரண்டாவது, கொடைக்கானலுக்குப் போகும் மலைச்சாலையோரத்தில் ஒரு சிறிய நர்சரியில் வாங்கி வந்த நாற்றில் காய்த்தது. மூன்றாவது, அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்தில் வசிக்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த ஜாம். மூன்றையும் சாப்பிட்டுப் பார்த்து, இரண்டை என் கையால் நட்டு வளர்த்தும் பார்த்துவிட்ட காரணத்தால், காரைக்குடி வட்டாரத்தில் இந்தச் செடியை வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

இணையத்தில் வாங்கியதை முதலில் சொல்லிவிடுகிறேன். விற்றவரின் பெயரைக் குறிப்பிட விரும்பவில்லை. இதே படத்தைப் போட்டு இதே நாற்றை விற்பவர்கள் பலர் இருப்பதால், ஒருவரை மட்டும் சுட்டுவதில் பயனும் இல்லை. படத்தில் இருந்தது சந்தேகத்துக்கு இடமில்லாத கறுப்பு ராஸ்பெர்ரி: சிறு மணிகள் நெருக்கமாகக் கோத்த, மேலே சாம்பல் படிந்த, அரைக்கோள வடிவப் பழம். விலை 350 ரூபாய், கூரியர் கட்டணம் தனி. ஆறாவது நாள் அட்டைப்பெட்டியில் வந்த நாற்று நல்ல நிலையில்தான் இருந்தது. வேர்ப்பந்து உடையாமல், ஈரம் காயாமல் கட்டி அனுப்பியிருந்தார்கள். அந்த அக்கறையைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் செடியில் ஒரு முள் கூட இல்லை. ராஸ்பெர்ரி இனம் என்றால் தண்டிலும் இலைக்காம்பிலும் வளைந்த முட்கள் இருக்க வேண்டும். ஓர் இலையே மூன்றாகவோ ஐந்தாகவோ அதற்கு மேலாகவோ சிற்றிலைகளாகப் பிரிந்திருக்க வேண்டும். இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெளுப்பாகத் தெரிய வேண்டும். வந்திருந்ததோ இதய வடிவில் ஒற்றை இலை, இரு பக்கமும் பச்சை. தோட்ட வேலைக்கு வரும் தம்பி ஓர் இலையைக் கிள்ளினார். காம்பில் பால் துளிர்த்தது. முன்பு தேனிப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் பண்ணையில் வேலை பார்த்தவர் என்பதால், அவருக்கு இரண்டாவது யோசனையே தேவைப்படவில்லை. "அண்ணே, இது பூச்சிக்குப் போடுற எலையில்ல? மல்பெரி இது" என்றார்.

மல்பெரியேதான். முசுக்கட்டை என்று நம் பழைய அகராதிகள் சொல்லும் அதே மரம். பழம் பழுத்தபோது ஐயம் முழுவதும் தீர்ந்தது. மல்பெரி நீண்டு, புழு போன்ற வடிவில் இருக்கும். பறிக்கும்போது பச்சைக் காம்பும் கூடவே வரும். நடுவில் குழி இருக்காது. பல சிறு பூக்கள் சேர்ந்து ஒரு பழமாவது மல்பெரி. ஒரே பூவின் பல சூலகங்கள் தனித்தனி மணிகளாகி ஒட்டிக்கொள்வது ராஸ்பெர்ரி. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் இரண்டும் தாவரக் குடும்பத்திலேயே வேறு: மல்பெரி ஆலும் அத்தியும் சேர்ந்த குடும்பம்; ராஸ்பெர்ரி ரோஜாவின் குடும்பம்.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். மூன்று நாள் கழித்து வருத்தம் தெரிவித்து வேறு நாற்று அனுப்புவதாகச் சொன்னார்கள்; அனுப்பவும் செய்தார்கள். அதுவும் மல்பெரிதான். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பெற்றுக்கொண்ட ஏழு நாளுக்குள் கேட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் காட்டினார்கள். பழம் காய்த்த பிறகே இன்னது என்று உறுதியாகத் தெரியக்கூடிய ஒரு பொருளுக்கு ஏழு நாள் கெடு விதிப்பது வாங்குபவருக்கு இழைக்கும் அநீதி என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மல்பெரியின் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. எங்கள் செம்மண்ணில் எட்டே மாதத்தில் காய்த்தது, கவாத்து செய்யும் ஒவ்வொரு முறையும் புதுத் துளிரோடு காயும் கூடவே வருகிறது, கோடையைப் பொருட்படுத்துவதில்லை. மல்பெரி என்று சொல்லி, மல்பெரிக்கு உரிய விலையில் விற்றிருந்தால் நான் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

சரி, உண்மையான கறுப்பு ராஸ்பெர்ரிதான் எது? ரூபஸ் ஆக்சிடென்டாலிஸ் என்ற தாவரப் பெயருடையது, வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குச் சொந்தமானது. இன்று அமெரிக்காவில் பெருமளவில் பயிராவது மேற்குக் கரையில் உள்ள ஆரிகன் மாநிலத்தில். அங்கே முங்கர் என்ற பழைய ரகமே பெரும்பாலும் சாகுபடியாகிறது. பிளாக்பெர்ரி வேறு, இது வேறு. பறிக்கும்போது நடுத்தண்டு பழத்தோடு வந்தால் பிளாக்பெர்ரி. நடுத்தண்டு செடியிலேயே வெள்ளைக் கூம்பாக நின்றுவிட்டு, பழம் மட்டும் உள்ளே குழியோடு கழன்று வந்தால் ராஸ்பெர்ரி. வாங்குகிறவர்கள் இந்த ஓர் அடையாளத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

இந்த அமெரிக்கச் செடி செட்டிநாட்டில் காய்க்காது. காரணம் வெயில் மட்டும் அல்ல, குளிர் இல்லாமையும்தான். குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி, ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழான குளிரில் பல நூறு மணி நேரத்தைக் கழித்த பிறகே அதன் மொட்டுகள் விழிக்கின்றன. நம்மூரில் மார்கழி விடியற்காலையிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. உறங்கவே விடாமல் வைத்திருக்கும் செடி எப்படிப் பூக்கும்? ஆகவே அமெரிக்க ரகத்தின் விதை என்று பொட்டலம் போட்டு விற்பதை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அந்த விதைக்கு ஓடு கெட்டி. ஈரத்தோடு குளிரில் பல வாரம் வைத்தால்தான் முளைவிடும். முளைத்தாலும் நமக்குப் பழம் கிடைக்கப்போவதில்லை.

மகள் கொண்டுவந்த ஜாமைப் பற்றி இரண்டு வார்த்தை. ஓஹாயோவில் ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் சில வாரங்களே இந்தப் பழம் கிடைக்கிறதாம். பணம் கட்டி நாமே பறித்துக்கொள்ளும் தோட்டம் ஒன்றில் பேரப்பிள்ளைகளோடு பறித்து, வீட்டிலேயே காய்ச்சி எடுத்து வந்திருந்தாள். சிவப்பு ராஸ்பெர்ரியின் கூர்மையான புளிப்பு இதில் இல்லை. நன்றாகப் பழுத்த நாவலின் ஆழமும், பன்னீர் திராட்சையின் மணமும், அடியில் லேசான துவர்ப்பும் சேர்ந்த ஒரு சுவை. இதைச் சாப்பிட்ட பிறகுதான், இதற்கு நெருக்கமான ஒன்றையாவது இந்த மண்ணில் வளர்த்துப் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது.

அந்த நெருக்கமான உறவுதான் மைசூர் ராஸ்பெர்ரி. ரூபஸ் நிவியஸ் என்பது தாவரப் பெயர்; இமயமலையிலிருந்து நம் மேற்குத் தொடர்ச்சி மலை வரைக்கும் தானாகவே வளர்வது. பழம் முதலில் சிவந்து, பிறகு ஊதாவாகி, முற்றும்போது கறுத்துவிடும். குளிர் அதிகம் கேட்காத ராஸ்பெர்ரி என்பதால், அமெரிக்காவிலேயே வெப்பமான தெற்கு ஃபுளோரிடாவில் வீட்டுத் தோட்டத்துக்காரர்கள் இதைத்தான் வளர்க்கிறார்கள். கடல் மட்டத்தை ஒட்டிய ஃபுளோரிடாவில் வளர்வது பள்ளத்தூரில் ஏன் வளராது என்று நினைத்தேன்.

மதுரை, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்குக் குடும்பத்தோடு போனபோது, மலைச்சாலைத் திருப்பம் ஒன்றில் இருந்த நர்சரியில் வண்டியை நிறுத்தினோம். பெயர்ப்பலகைகூட இல்லாத இடம். பச்சை வலைக்குக் கீழே முந்நூறு, நானூறு பைகள் இருக்கும். நடத்துபவர் ஒரு பெரியவர். நான் கேட்டதும் செடியை எடுத்து நீட்டவில்லை. எந்த ஊர், என்ன மண், கிணறு உண்டா, மதிய வெயிலுக்கு மறைப்பு உண்டா என்று வரிசையாக விசாரித்தார். காரைக்குடிப் பக்கம் என்றதும் யோசித்துவிட்டு, "கீழ்நாட்டுல இது பிழைக்கும், ஆனா பங்குனிக்கு மேல நீங்கதான் காப்பாத்தணும், நான் பொறுப்பில்ல" என்றார். விற்பதற்கு முன்னாலேயே விற்பனைக்குப் பாதகமானதைச் சொன்ன அந்த நேர்மைக்கு என் முழு மதிப்பெண். நாற்று ஒன்று 150 ரூபாய், இரண்டு வாங்கினேன். தாய்ச்செடியையும் காட்டினார். வெளுத்த பொடி பூசினாற்போன்ற தண்டு, ஏழு சிற்றிலை கொண்ட இலை, அதன் அடியில் பஞ்சு ஒட்டியதுபோன்ற வெண்மை, கீழ்நோக்கி வளைந்த முள் எல்லாம் சரியாக இருந்தன.

இனி வளர்த்த கதை. எங்கள் வீடு முகப்பிலிருந்து பின்கட்டு வரை தெருவுக்குத் தெரு நீண்டது. பின்கட்டுக்கு வடக்கே கிணறும் அதைச் சுற்றிச் சிறிது தோட்டமும் உண்டு. மண் செம்புறாங்கல் கரைந்த செம்மண். லேசான அமிலத்தன்மை கொண்டது, தண்ணீர் தேங்காதது. ராஸ்பெர்ரிக்கு இந்த இரண்டும் பொருந்தும். ஆனால் அதே மண்ணில் மக்கிய இலைதழைச் சத்து மிகக் குறைவு, ஈரமும் நிற்காது. முதல் ஆண்டு நான் செய்த தவறு, கத்தரி நட்டிருந்த பாத்தியிலேயே ஒரு நாற்றை நட்டது. கத்தரி, தக்காளி, மிளகாய், உருளை போன்றவை இருந்த மண்ணில் வாடல் நோய்ப் பூஞ்சணம் தங்கியிருக்கக்கூடும் என்பதால், ராஸ்பெர்ரி இனங்களை அங்கே நடக் கூடாது என்பது பின்னால் படித்துத் தெரிந்துகொண்ட செய்தி. அந்தச் செடி ஒரு பக்கமாக வாடத் தொடங்கி, கோடை வருவதற்கு முன்பே பட்டுப்போனது. மற்றொன்று கிணற்றடியில், தென்னையின் நிழல் மதியத்துக்கு மேல் விழும் இடத்தில் இருந்தது, அது நின்றது.

சித்திரை வெயிலில் அதற்கும் இலை ஓரம் கருகியது. பெரியவர் சொன்னபடி காப்பாற்றுவது என்றால் தண்ணீர் ஊற்றுவது மட்டும் அல்ல என்பது அப்போது புரிந்தது. தென்னை மட்டையையும் காய்ந்த சருகையும் அரையடி உயரத்துக்கு மூடாக்காகப் போட்டு, அதற்குக் கீழே தொழுவுரம் இட்டு, மேற்குப் பக்கம் பழைய ஓலைக் கீற்று ஒன்றைச் சாய்த்து நிறுத்தினேன். ஒரு வாரத்தில் கருகல் நின்றது. ஆடியில் ஊன்றிய காற்று ஓய்ந்ததும், ஐப்பசி மழைக்கு அடிமண்ணிலிருந்து புதுத்தண்டுகள் நான்கு கிளம்பின. மாதத்துக்கு ஒரு முழத்துக்கு மேல் வளர்ந்து, ஆளுயரம் தாண்டியதும் தானாகவே வில்லாக வளைந்து தரையைத் தொட்டன. தொட்ட இடத்தில் நுனி வேர்விட்டு இன்னொரு செடியாகிறது. நாம் ரோஜாவுக்குப் போடும் பதியனைத் தானே போட்டுக்கொள்ளும் இயல்பு இந்தக் குடும்பத்தில் பல செடிகளுக்கு உண்டு; அமெரிக்கக் கறுப்பு ராஸ்பெர்ரியும் இப்படித்தான் பெருகுகிறது. நுனியை ஒரு கல்லை வைத்து மண்ணில் அழுத்தி, இரண்டு மாதம் கழித்து வெட்டிப் பிரித்தேன். பட்டுப்போனதற்கு ஈடாக இரண்டு செடிகள் இலவசமாகவே கிடைத்துவிட்டன.

கவாத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றே. ஒரு தண்டுக்கு ஆயுள் இரண்டு ஆண்டுதான். முதலாண்டு இலையும் வளர்ச்சியும், அடுத்த ஆண்டு பூவும் பழமும். அதன் பிறகு அந்தத் தண்டு காய்ந்துவிடும். வெப்ப நாட்டில் இந்தக் கணக்கு சற்று முன்பின்னாக ஓடுகிறது, எனக்குப் பத்து மாதத் தண்டிலேயே பூ வந்தது. காய்த்து முடிந்த தண்டைத் தரையோடு அறுத்துவிட்டால், புதியதற்கு இடமும் காற்றும் கிடைக்கும். தோல் கையுறை இல்லாமல் இந்தப் புதருக்குள் கை விடக் கூடாது. முள் பின்னோக்கி வளைந்திருப்பதால் சட்டையைப் பிடித்தால் விடாது.

முதல் பருவத்தில் அறுபது பழம்கூடத் தேறவில்லை. சென்ற தை கடைசியிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரை மூன்று செடிகளிலும் சேர்த்து ஒன்றே கால் கிலோ பறித்தோம். அணிலும் கொண்டைக்குருவியும் எடுத்துக்கொண்டது இதற்கு வெளியே. வலை கட்டாவிட்டால் அவற்றின் பங்கே பெரிதாக இருக்கும்.

பறிப்பதற்கு விடியற்காலைதான் நேரம். ஒரு கொத்தில் பச்சை, சிவப்பு, ஊதா, கறுப்பு என்று நான்கு நிறமும் ஒரே சமயத்தில் இருக்கும். கறுப்பாகத் தெரிவதையெல்லாம் பறித்துவிடக் கூடாது. விரல் பட்டதும் இழுக்காமலே கழன்று வர வேண்டும், அதுதான் பக்குவம். உள்ளங்கையில் விழுந்த பழத்தைக் கவிழ்த்துப் பார்த்தால், தையல்காரர் விரலில் மாட்டிக்கொள்ளும் அங்குசுதானைப் போல உள்ளே வெறும் குழி. மணி ஒவ்வொன்றின் மேலும் நாவலுக்கு இருப்பதைப் போலச் சாம்பல் படலம். மணிகளுக்கு நடுவே சன்னமான வெண்ரோமம். செடியில் பழம் இருந்த இடத்தில் வெள்ளைக் கூம்பு ஒன்று தனியாக நிற்கிறது. பறித்ததை அகலமான தட்டில் ஒற்றை அடுக்காகவே வைக்க வேண்டும். கிண்ணத்தில் குவித்தால், அடியில் உள்ளவை ஒரு மணி நேரத்தில் நசுங்கிச் சாறாகிவிடும். கழுவுவது சாப்பிடும்போது மட்டும். இந்தப் பழம் நம் சந்தைகளுக்கு வராததற்குக் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

சுவையில் இது ஓஹாயோவின் பழத்துக்கு முழு ஈடு அல்ல. இனிப்பு கூடுதல், புளிப்பு குறைவு, சாறு அதிகம். ஆனால் அந்த ஆழ்ந்த மணம் முக்கால் பங்குதான் வருகிறது. எண்பத்து நான்கு வயதான ஆத்தாவிடம் முதல் பழத்தைக் கொடுத்தேன். "நாவப்பழம் மாதிரி நாக்கைப் பிடிக்கலை, நல்லாத்தான்ப்பா இருக்கு. வெதைதான் இம்புட்டு" என்றார். ஆத்தா சொன்னது சரி. ஒவ்வொரு மணிக்கும் ஒரு விதை. பல் பலமில்லாதவர்களுக்கு அது பெரிய இடைஞ்சல். அதனால் பாதிப் பழத்தை மெல்லிய வேட்டித் துணியில் பிழிந்து சாறு எடுத்தே பயன்படுத்துகிறோம்.

வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போனது கவுனி அரிசியோடு சேர்த்துச் சாப்பிடுவது. இரவு ஊறவைத்த கவுனி அரிசியைக் குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்க்கும் வழக்கமான பக்குவம்தான். இறக்கி ஆறிய பிறகு பிழிந்த சாற்றை ஒரு கரண்டி மேலே ஊற்றினோம். கவுனியின் கனத்த இனிப்பை இந்த இளம்புளிப்பு தூக்கிக்கொடுக்கிறது. இரண்டுக்கும் அந்தக் கருநிறம் வருவது அந்தோசயனின் என்ற ஒரே வகை நிறமியால் என்பதை நினைத்தால், கலந்து சாப்பிடத் தோன்றியது இயல்பே என்று படுகிறது. ஜாம் காய்ச்சுவதற்கு அலுமினியமோ ஈயம் போன பித்தளையோ உதவாது. பழத்தின் புளிப்பு உலோகத்தைத் தின்னும். பர்மாவிலிருந்து அப்பச்சி காலத்தில் வந்த எனாமல் சட்டி ஒன்று பரணில் கிடந்தது, அதில் காய்ச்சினேன். பழத்தின் எடைக்கு முக்கால் பங்கு சர்க்கரை, ஒரு மூடி எலுமிச்சைச் சாறு, அடங்கிய தீயில் இருபது நிமிடம். அரைக்கிலோ பழத்தில் இரண்டு சிறிய பாட்டில் கிடைத்தது.

சாறு பட்ட இடத்தை உடனே துடைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். வீட்டு வளவில் பதித்த ஆத்தங்குடிச் சிமெண்ட் தரைக்கல்லில் ஒரு சொட்டு விழுந்து, கவனிக்காமல் விட்டோம். மறுநாள் பார்த்தால் சிவப்பாக விழுந்தது நீலம் பாய்ந்து நிற்கிறது. அந்த நிறமி புளிப்பில் சிவக்கும், சுண்ணாம்பு போன்ற காரப் பொருளில் நீலமாகும். சிமெண்டும் சுண்ணாம்பும் காரம் என்பதால் கல்லும் சுவரும் அதை நீலமாகவே பிடித்து வைத்துக்கொள்கின்றன.

விளம்பரங்களில் இந்தப் பழத்தைப் புற்றுநோய்க்கு மருந்து என்கிறார்கள். ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கறுப்பு ராஸ்பெர்ரியை உறைய வைத்து உலர்த்திய பொடியைக் கொண்டு பல ஆண்டுகளாக ஆய்வு நடந்திருப்பது உண்மை. எலிகளின் உணவுக்குழாய்ப் புற்றில் அது நல்ல பலனைக் காட்டியதும் உண்மை. அது ஆய்வு, சிகிச்சை அல்ல. நாற்று விற்பவர் அந்த வாக்குறுதியைத் தருகிறார் என்றால், அவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது. நார்ச்சத்து மிகுந்த, சுவையான பழம் என்ற அளவில் இதற்கு உரிய மதிப்பு இருக்கவே செய்கிறது.

ஒரு பொறுப்பும் உண்டு. கலாபகஸ் தீவுகளிலும் ஹவாயிலும் இதே மைசூர் ராஸ்பெர்ரி பறவைகள் வழியாகப் பரவி, அந்த மண்ணின் செடிகளை நெருக்கும் களையாகிவிட்டது. எங்கள் பக்கத்து வறட்சியில் அந்த அபாயம் குறைவு என்றாலும், தரையைத் தொடும் நுனிகளை அவ்வப்போது வெட்டிவிடுகிறேன். ஊருணிக் கரையிலோ கண்மாய் ஓரத்திலோ நட ஒருபோதும் கொடுக்க மாட்டேன்.

என் மதிப்பீடு இதுதான். மலை நர்சரியின் நாற்றுக்கு ஐந்துக்கு நான்கு. குறைந்த ஒன்று, முதல் கோடைக்குச் செலவாகும் உழைப்புக்காக. இணைய நாற்றுக்கு ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் கட்டி அனுப்பிய விதத்துக்காக. கிணற்று நீரும் மதிய நிழலும் இருக்கும் வீட்டுக்காரர்கள் மைசூர் ராஸ்பெர்ரியை வாங்கலாம். நிழல் இல்லாத மொட்டைமாடிக்கு மல்பெரியே பொருத்தம், அதை மல்பெரி என்றே கேட்டு வாங்குங்கள். எங்கே வாங்கினாலும் தாய்ச்செடியின் படத்தை, இலையின் அடிப்பக்கம் தெரியும்படி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் பணம் கட்ட வேண்டாம். நட ஏற்ற காலம் புரட்டாசிக் கடைசி முதல் கார்த்திகை வரை. கூரியரில் வரவழைப்பதானால் வாரத் தொடக்கத்தில் அனுப்பச் சொல்வது முக்கியம். வெள்ளிக்கிழமை கிளம்பும் பெட்டி ஞாயிறு முழுவதும் ஏதோ ஒரு கிடங்கின் தகரக் கூரைக்கு அடியில் வெந்துகொண்டிருக்கும்.